முடிச்சு அவிழ்ந்த பிறகு என்ன மிச்சம்? திரில்லர் படங்களையும் மர்ம நாவல்களையும் பற்றிச் சொந்தக் கருத்தை உருவாக்கிக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

எட்டாம் வகுப்பு விடுமுறையில் மார்த்தாண்டத்தில் ஒரு வாடகை நூலகத்திலிருந்து பாக்கெட் நாவல் ஒன்றை எடுத்து வந்தேன். நடுவில் பின் அடித்த புத்தகம். அப்படிப்பட்ட புத்தகத்தில் முதல் பக்கங்களும் கடைசிப் பக்கங்களும் ஒரே தாளில்தான் இருக்கும். அட்டையோடு சேர்த்து வெளித்தாள் இரண்டும் கழன்று எங்கேயோ போய்விட்டன. முன்னால் நான்கு பக்கம் இல்லை, பின்னால் நான்கு பக்கம் இல்லை. தலைப்பு தெரியாது, எழுதியவர் யாரென்று தெரியாது, கொலையைச் செய்தது யார் என்பதும் தெரியாது.

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் நான் சந்தேகப்பட்ட மூன்று பேரின் பெயரை எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே காரணத்தை எழுதினேன். காரணம் எழுத உட்கார்ந்தபோதுதான் புத்தகத்தைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. படித்தபோது, மழை பெய்யாத ஒரு மாலையில் தோட்டக்காரர் நனைந்த குடையோடு வந்து நிற்கிற ஒரு வரி கண்ணில் பட்டது. முதல் தடவை அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். அவர்தான் கொலைகாரரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மர்மக் கதையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை அந்தக் குடைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

"படம் எப்படி?" என்று கேட்டால் "செம ட்விஸ்ட்" என்றோ "முன்னாடியே தெரிஞ்சுபோச்சு" என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். இரண்டுமே படத்தைப் பற்றிய கருத்தாக ஆகாது. முடிவு தெரிவதற்கு முன் நாம் என்ன நினைத்தோம், தெரிந்த பிறகு நம்மிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு திரில்லரைப் பற்றி ஏதாவது உருப்படியாகச் சொல்ல முடியும். தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தமிழ், மலையாளம் என்று இரண்டு மொழிப் படங்களையும் இரண்டு மொழி நாவல்களையும் பல வருடங்களாக இப்படித்தான் பார்த்தும் படித்தும் வருகிறேன். அந்த முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். வேண்டியது ஒரு சின்ன நோட்டும் பேனாவும் மட்டும்.

முதல் படி: தெரியாமல் போங்கள்

முன்னோட்டம் பார்க்காதீர்கள். இப்போதெல்லாம் இரண்டரை நிமிட முன்னோட்டத்தில் படத்தின் முக்கால்வாசி வந்துவிடுகிறது. கதைச் சுருக்கமும் வேண்டாம். இயக்குநர் பெயரும் எந்த மொழி என்பதும் தெரிந்தால் போதும்.

எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மலையாளப் படம் கேரளப் பக்கத்துப் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ ஓட ஆரம்பித்த அன்றைக்கே கதை இந்தப் பக்கம் வந்துவிடும். ஜீத்து ஜோசப் மலையாளத்தில் இயக்கிய 'த்ரிஷ்யம்' 2013 டிசம்பரில் வந்தது. அதே ஜீத்து ஜோசப் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த அதன் தமிழ்ப் பதிப்பு 'பாபநாசம்' 2015 ஜூலையில்தான் வந்தது. இடையில் ஒன்றரை வருடம். திருநெல்வேலிக்காரர்களில் நிறையப் பேர் எதுவும் தெரியாமல் போய் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் எல்லாம் தெரிந்த என் சித்தி மகன், விசாரணைக் காட்சியில் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படி இதில்தான் இருக்கிறது.

தெரியாமல் போக முடியாவிட்டால் நோட்டில் மேலே "முடிவு தெரியும்" என்று எழுதிவிட்டுப் பாருங்கள். அந்தப் பார்வைக்கும் மதிப்பு உண்டு, வேறு வகை மதிப்பு.

இரண்டாம் படி: கதை என்ன கேள்வி கேட்கிறது என்று கண்டுபிடியுங்கள்

திரில்லர் என்ற ஒரே சாக்கில் பல சரக்கைப் போட்டு வைத்திருக்கிறோம். பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. முதல் அரைமணி நேரத்தில் உங்கள் மனதில் ஓடுகிற கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்.

"யார் செய்தது?" என்றால் அது துப்பறியும் கதை. "எப்படித் தப்பிக்கப் போகிறார்கள்?" என்றால் சஸ்பென்ஸ். "அடுத்த ஆளைக் காப்பாற்ற முடியுமா?" என்றால் ஓட்டமும் நேரமும் சேர்ந்த திரில்லர். "இது மனிதன் செய்ததா, வேறு ஏதாவதா?" என்றால் அமானுஷ்யத்தைத் தொட்டு நிற்கிற மர்மக் கதை. 'த்ரிஷ்யம்' இதில் இரண்டாவது. என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும், போலீஸுக்குத் தெரியாது. அதனால்தான் கதை தெரிந்தவனும் கைப்பிடியைப் பிடிக்கிறான். முதல் வகைப் படத்தில் கொலைகாரர் யாரென்று யாராவது சொல்லிவிட்டால் பாதி போய்விடும்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதை விளக்கிய விதம் சினிமா படிக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் திடீரென்று வெடித்தால் சில விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்கு முன்பே தெரிந்து, மேஜையில் இருப்பவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தால் கால்மணி நேரம் நமக்கு இருப்புக் கொள்ளாது. இதைப் படிப்பதற்கு ரொம்ப நாள் முன்பே எனக்கு இது தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டது.

அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மேட்டில் இருக்கிற தோட்டத்துக்கு ஏறுவார். அம்மா அடுக்களைத் திண்ணையில் கட்டன் சாயாவோடு உட்கார்ந்திருப்பாள். இருட்டில் அந்த ஒரு வெளிச்சம் மட்டும் மரத்துக்கு மரம் நகரும். ஒரு மரத்தில் கொஞ்சம் நிற்கும், வெட்டுவார், சிரட்டையைச் சரிசெய்வார், அடுத்த மரத்துக்குப் போகும். அம்மாவுக்கு அந்தத் தாளம் அத்துப்படி. சில நாள் வெளிச்சம் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நின்றுவிடும். அம்மா பேச்சை நிறுத்திவிடுவாள். கையிலிருக்கிற டம்ளர் கீழே இறங்காது. பாம்பாக இருக்கலாம், சரிவில் கால் வழுக்கியிருக்கலாம், கத்தி மழுங்கித் தீட்டிக்கொண்டும் இருக்கலாம். அந்த நேரத்தில் நான் ஏதாவது கேட்டால், "சும்மா இரு மக்களே" என்பாள். வெளிச்சம் நகரும். டம்ளர் இறங்கும்.

அந்தத் திண்ணையில் எதுவுமே நடக்கவில்லை. இசை இல்லை, ரத்தம் இல்லை, துரத்தல் இல்லை. நமக்கு வேண்டிய ஒருவர், பாதி தெரிந்த ஒரு ஆபத்து, நின்றுபோன ஒரு அசைவு, அவ்வளவுதான். ஒரு சஸ்பென்ஸ் காட்சியை எடைபோடும்போது நான் இந்த மூன்றும் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். முதலாவது இல்லாத படங்கள்தான் அதிகம். ஓடுகிறவன் மேல் நமக்கு அக்கறையே வராமல் அவன் எவ்வளவு வேகமாக ஓடினால் நமக்கென்ன?

மூன்றாம் படி: இடைவேளைக் குறிப்பு

இதை மட்டும் செய்தாலே உங்கள் பார்வை மாறிவிடும். நம் சினிமாவுக்கு இடைவேளை என்று ஒன்று இருப்பது மர்மக் கதை ரசிகனுக்குக் கிடைத்த வரம். பழம்பொரி வாங்க வரிசையில் நிற்கிற நேரத்தில் மூன்று வரி எழுதுங்கள். யாரைச் சந்தேகப்படுகிறேன்? எந்தக் காட்சியால்? படம் எதைச் சொல்லாமல் மறைக்கிறது?

இரண்டாவது கேள்விதான் உயிர். "அந்த நடிகர் பெரிய நடிகர், சும்மா வந்திருக்க மாட்டார்" என்று காரணம் வந்தால் அதையும் நேர்மையாக எழுதுங்கள். அது கதைக்குள் கிடைத்த துப்பு இல்லை, கதைக்கு வெளியே கிடைத்தது. உங்கள் குறிப்புகளில் வெளித்துப்பு அதிகமாக வந்தால் படம் உங்களுக்குள்ளே எதையும் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

வீட்டில் ஓடிடியில் பார்ப்பவர்கள் பாதியில் நிறுத்தி எழுதலாம். ஒரே ஒரு தடவை நிறுத்துங்கள். நினைத்தபோதெல்லாம் நிறுத்தினால் பயம் ஆறிப்போய்விடும். நாவல் என்றால் பாதிப் பக்கம் வந்ததும் எழுதுங்கள்.

நான்காம் படி: துப்பு நியாயமாக வைக்கப்பட்டதா?

படம் முடிந்தது. இப்போது உங்கள் இடைவேளைக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, உண்மையைக் காட்டிக்கொடுத்த துப்பு எங்கே இருந்தது என்று தேடுங்கள்.

ரொனால்டு நாக்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். அவரே மர்ம நாவல்கள் எழுதியவர். வாசகருக்குக் காட்டாத துப்பை வைத்துத் துப்பறிபவர் கண்டுபிடிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. பத்தில் சில காலாவதியாகிவிட்டன. இந்த ஒன்று மட்டும் இன்றும் நிற்கிறது.

துப்பு மூன்று விதமாக வரும். கண்ணெதிரே வைத்து நம் கவனத்தை வேறு பக்கம் திருப்பியிருப்பார்கள், என் குடை மாதிரி. இது உயர்ந்த வேலை. அல்லது துப்பை வைத்து, கூடவே நான்கு போலித் துப்புகளையும் கலந்திருப்பார்கள். இதுவும் சரிதான், ஆனால் போலித் துப்புகளுக்கும் கடைசியில் ஒரு விளக்கம் வேண்டும். மூன்றாவது, கடைசி இருபது நிமிடத்தில் ஒரு பழைய போட்டோவோ அதுவரை பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு தம்பியோ முளைப்பது. இப்படிப்பட்ட படத்தைப் பார்த்து "நான் எதிர்பார்க்கவே இல்லை" என்று பாராட்டுகிறோம். எதிர்பார்க்க வழியே விடாதபோது எப்படி எதிர்பார்ப்பது?

நியாயமான துப்புக்கு நான் எல்லோருக்கும் காட்டுகிற உதாரணம் 1988-இல் வந்த மலையாளப் படம் 'ஒரு சி.பி.ஐ. டைரிக்குறிப்பு'. எஸ்.என். சுவாமி எழுதி கே. மது இயக்கியது. மம்மூட்டி நடித்த சி.பி.ஐ. அதிகாரி சேதுராம ஐயர், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்து வருகிற அந்தப் பாத்திரம், 2022 வரை ஐந்து படங்களில் வந்துவிட்டது. மாடியிலிருந்து விழுந்து இறந்த பெண் தானாகக் குதித்தாளா என்று பார்க்க, ஒரு பொம்மையை அதே மாடியிலிருந்து போட்டுப் பார்ப்பார்கள். பொம்மை எங்கே விழுகிறது என்பதை ஐயர் பார்க்கிற அதே நேரத்தில் நாமும் பார்க்கிறோம். அவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது அங்கே எதுவும் இல்லை. ஒரு அடிதடிகூட வேண்டாம், ஒரு பொம்மையும் ஒரு மாடியும் போதும் என்று தைரியமாக நம்பிய படம் அது.

எல்லை ஊர்க்காரர்களுக்கு மட்டும் இன்னொரு சோதனை சொல்கிறேன். கதையில் யாராவது எல்லையைத் தாண்டுகிறார்களா என்று பாருங்கள். மலையாளத் திரில்லரில் குற்றவாளி ஒளிய வேண்டுமென்றால் "தமிழ்நாட்டுக்குப் போய்விட்டான்" என்று ஒரு வசனம் வரும். தமிழ்க் கதையில் மாந்திரீகம் வேண்டுமென்றால் கேரளாவுக்கு வண்டி ஏறுவார்கள். களியக்காவிளை சோதனைச் சாவடியில் பஸ் நிற்பதும், இந்தப் பக்க போலீஸ் அந்தப் பக்கம் ஒருவரைப் பிடிக்க வேண்டுமென்றால் அந்த ஊர் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதும், ஒரே குடும்பத்தில் அண்ணன் இங்கே ஓட்டும் தம்பி அங்கே ஓட்டும் போடுவதும் எங்களுக்குத் தினசரி வாழ்க்கை. எல்லையை இருட்டு மூலையாக மட்டும் காட்டுகிற கதை, சோம்பேறித்தனமாக யோசித்த கதை. அப்படி ஒரு இடம் வந்தால் நான் நோட்டில் ஒரு கோடு போட்டுவிடுவேன். அந்தக் கதையில் வேறு இடங்களிலும் அதே சோம்பல் இருப்பதைத்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: கண்ணை மூடிக் கேளுங்கள்

பயமான காட்சி ஒன்றில் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பயம் அப்படியே இருந்தால் அது ஒலியால் வருகிறது. போய்விட்டால் படத்தால் வருகிறது. இரண்டிலும் தவறில்லை. ஆனால் காட்சியில் ஒன்றுமே நடக்காமல் வயலின் மட்டும் கத்திக்கொண்டிருந்தால், அது நம் தோளைப் பிடித்து உலுக்குவது மாதிரி.

பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1954-இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாட்டே இல்லாமல் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலச் சென்னையில், குண்டு விழுந்த மறுநாள் ஒரு ரேடியோ இன்ஜினீயர் கொல்லப்படுகிறார். சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்தைச் சொல்கிறார்கள். பாட்டில்லாமல் தமிழ்ப்படம் ஓடாது என்று எல்லோரும் நம்பிய காலத்தில் அதை எடுத்தவர் ஒரு பெரிய வீணைக் கலைஞர் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். அதற்காக, திரில்லரில் பாட்டே கூடாது என்று சட்டம் போடாதீர்கள். 1964-இல் வந்த 'புதிய பறவை'யில் "பார்த்த ஞாபகம் இல்லையோ" முதலில் வரும்போது ஒரு கொண்டாட்டம். திரும்பவும் அதே மெட்டு காதில் விழும்போது வயிற்றைக் கலக்கும். பாட்டு கதைக்குள் வேலை செய்கிறதா, வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆறாம் படி: நாவலில் அத்தியாய முடிவை எண்ணுங்கள்

நாவலுக்கு இந்த ஒரு வேலை அதிகம். ஒவ்வொரு அத்தியாயமும் முடிகிற கடைசி வரியையும் அடுத்தது தொடங்குகிற முதல் வரியையும் சேர்த்துப் படியுங்கள். "கதவு மெல்லத் திறந்தது. அவள் வீறிட்டாள்" என்று முடிந்து, அடுத்த அத்தியாயத்தில் வந்தது வீட்டுப் பூனை என்றால் நோட்டில் ஒரு பூனை போடுங்கள். நான் நிஜமாகவே சின்னதாகப் பூனை வரைவேன். ஒரு நாவலில் இரண்டு பூனை வரை பொறுத்துக்கொள்ளலாம். வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதைகளில் பூனை அதிகமாக இருக்கும், அதற்குக் காரணமும் உண்டு. வாசகரை அடுத்த வாரம் வரை பிடித்து வைக்க வேண்டுமே. மலையாளத்தில் கோட்டயம் புஷ்பநாத்தின் மார்க்சினும் புஷ்பராஜும் துப்பறிகிற கதைகளை நான் முதலில் படித்தது பாறசாலைச் சித்தி வீட்டில் அடுக்கி வைத்திருந்த பழைய வாரப் பத்திரிகைகளில்தான். மலையாள எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிற எனக்கு ஒவ்வொரு வரியும் தாமதமாகத் திறந்தது. அந்தத் தாமதமே ஒரு சஸ்பென்ஸ்.

தமிழில் ராஜேஷ்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள். சம்பந்தமில்லாத இரண்டு கதைத் தடங்களை மாற்றி மாற்றி ஓட்டி, கடைசியில் ஒரு புள்ளியில் முட்ட வைப்பது அவர் கை. அவரைப் படிக்கும்போது நான் சந்தேகப் பட்டியல் போடுவதில்லை, இந்த இரண்டு தடமும் எங்கே சேரும் என்று ஒரு ஊகம் எழுதுவேன். சுஜாதாவின் வக்கீல்கள் கணேஷ், வசந்த் வருகிற கதைகளில் துப்பு பேச்சுக்குள் ஒளிந்திருக்கும். வசந்த் அடிக்கிற கிண்டலைச் சிரித்துவிட்டுத் தாண்டினால் ஒரு தகவலையும் சேர்த்துத் தாண்டிவிடுவீர்கள். ஆக, எழுதுகிறவரின் கையைப் பார்த்து நோட்டில் எழுதும் கேள்வியையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: செத்தவர் யார்?

இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். கதை முடிந்ததும், கொல்லப்பட்டவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று ஐந்து வரி எழுதப் பாருங்கள். கொலைகாரரைப் பற்றி ஐந்து பக்கம் எழுத முடிகிறது, செத்த பெண்ணைப் பற்றிப் பெயரும் யூனிஃபார்மும் தவிர ஒன்றும் எழுத முடியவில்லை என்றால் அந்தக் கதையோடு எனக்குச் சண்டை உண்டு.

2018-இல் வந்த 'ராட்சசன்' படத்தின் இறுக்கம் பெரிது. பயத்தைக் கட்டி எழுப்பும் வித்தை அந்த இயக்குநருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளின் உடல்கள் காட்டப்பட்ட விதம் என்னை உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. தோற்றத்தாலோ உடல் நிலையாலோ ஒதுக்கப்பட்டவர்தான் கொடூரனாக மாறுவான் என்று தொடர்கொலைப் படங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஒரு படத்தின் கைவேலையைப் பாராட்டிக்கொண்டே அதன் மனதோடு முரண்படலாம். இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஒன்றை இன்னொன்றில் கரைத்துவிடாதீர்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் கே.ஜி. ஜார்ஜ் 1982-இல் மலையாளத்தில் எடுத்த 'யவனிகா'. ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் குழுவில் தபலா வாசிக்கும் ஐயப்பன் காணாமல் போகிறார். பரத் கோபி நடித்த அந்த ஐயப்பன் நல்லவர் இல்லை. விசாரிக்க வருகிற போலீஸ் அதிகாரியாக மம்மூட்டி. ஒவ்வொரு சாட்சியாகப் பேசப் பேச, யார் செய்தது என்ற கேள்வி பின்னால் போய், இந்த மனிதர்கள் எப்படி வாழ்ந்திருக்கிறார்கள் என்பது முன்னால் வருகிறது. ஒரு கட்டத்தில், உண்மை வெளியே வராமலே போனால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. மர்மப் படம் பார்க்கிறவனை அப்படி நினைக்க வைத்த படம் என் நோட்டில் அது ஒன்றுதான்.

எட்டாம் படி: இரண்டாம் தடவை

ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். முடிச்சு தெரிந்துவிட்டது, அதனால் இப்போது கை வேலையைப் பார்க்கலாம். ரகசியத்தைச் சுமக்கிற நடிகரை மட்டும் பின்தொடருங்கள். மற்றவர்கள் பேசும்போது அவர் முகம் என்ன செய்கிறது? நல்ல படத்தில் முதல் தடவை ஒரு அர்த்தம் தந்த காட்சி இப்போது வேறு அர்த்தம் தரும், இரண்டுமே பொருந்தும். மோசமான படத்தில், அந்த நபர் தனியாக இருக்கும்போதுகூட நம்மை ஏமாற்றுவதற்காக நடித்துக்கொண்டிருப்பது தெரிந்துவிடும்.

இந்தப் படிக்கு நான் எடுத்துக்கொள்வது ஃபாசில் இயக்கி 1993-இல் வந்த மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்'. நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பூட்டிக் கிடக்கிற ஒரு தறவாட்டு (பரம்பரைக் குடும்ப) மாளிகை, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டு அங்கே செத்துப்போன நடனக்காரி நாகவல்லி. அந்த மாளிகையில் நடப்பது பேயா வேறு ஏதாவதா, யார் என்பதை இன்னும் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். நான் சொல்ல வருவது மொழியைப் பற்றி. நாகவல்லி பேசுவது தமிழ்.

திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அந்தக் குரல் திடீரென்று வேற்று மொழிக்கு மாறுவதே முதுகைச் சில்லிட வைக்கிற விஷயம். எங்கள் வீட்டில் அது நடக்கவே இல்லை. படம் தொலைக்காட்சியில் ஓடும்போது வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்திருந்தோம். நாகவல்லி கண்ணை உருட்டிப் பேச ஆரம்பித்ததும் பாட்டி வெற்றிலை இடிப்பதை நிறுத்தினாள். "நம்ம பாஷையில்லா பேசுகா! பாவம், அந்தப் பிள்ளைக்கு என்ன சங்கடமோ" என்றாள். எல்லோரும் நடுங்க வேண்டிய இடத்தில் பாட்டிக்கு இரக்கம் வந்தது. தூர தேசத்திலிருந்து வந்து மாட்டிக்கொண்டு, புரியாத ஆட்களுக்கு நடுவே சொந்த மொழியில் கத்துகிற ஒரு பெண்ணாக அவளைப் பாட்டி கண்டாள்.

அந்த ஒரு வரிக்குப் பிறகு நான் மற்ற மொழிப் பதிப்புகளைத் தேடிப் பார்த்தேன். தமிழில் 2005-இல் 'சந்திரமுகி'யாக வந்தபோது அந்த நடனக்காரி தெலுங்கு பேசினாள், தெலுங்கில் பாடினாள். இந்தியில் 2007-இல் வந்த 'பூல் புலையா'வில் அவள் வங்காளி. ஒவ்வொரு ஊரிலும் பயமுறுத்துகிறவள் அடுத்த வீட்டு மொழியைப் பேசுகிறாள். சென்னையில் இருப்பவருக்குத் தெலுங்கு எப்படிக் கேட்டதோ, அப்படித்தான் கொல்லத்துக்காரருக்குத் தமிழ் கேட்டிருக்கும். சித்தூர் பக்கமோ திருத்தணி பக்கமோ இரண்டு மொழியும் புழங்குகிற வீட்டில் 'சந்திரமுகி' பார்த்த ஒரு பாட்டியும் "பாவம்" என்று சொல்லியிருப்பாள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. எது நமக்குப் பயம் என்பது நாம் எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால் நோட்டில் படத்தின் பெயருக்குக் கீழே எங்கே, யாரோடு பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

முடிந்தால் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். படத்தின் சில காட்சிகள் அங்கே எடுத்தவை. திங்கட்கிழமை விடுமுறை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் இந்தப் பக்கம் சேர்ந்தது, அரண்மனையும் இந்த மண்ணில்தான் நிற்கிறது, ஆனால் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. கண்ணாடி போல மின்னுகிற அந்தக் கறுப்புத் தரையில் வெறுங்காலோடு நடந்துவிட்டு, மர அழிகளுக்கு நடுவே வருகிற வெளிச்சத்தைப் பாருங்கள். பகல் பதினொரு மணிக்கும் அறைகளுக்குள் பாதி இருட்டு இருக்கும். அந்தப் பாதி இருட்டைப் பார்த்துவிட்டு வந்தபிறகு படம் இன்னொரு தடவை புதிதாகத் தெரியும்.

ஒன்பதாம் படி: முடிவைச் சொல்லாமல் கருத்தைச் சொல்லுங்கள்

'த்ரிஷ்யம்' பார்க்கக் கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் ஒருவர் கடைசிக் காட்சியைச் சொல்லிவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, சந்தோஷத்தில் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி நிமிடத்தை எதுவும் தெரியாமல் பார்க்கிற வாய்ப்பு எனக்கு இனி ஒருபோதும் கிடையாது. ஆகவே இதில் நான் கறார்.

பேசும்போது இந்த வரிசையில் பேசுங்கள். முதலில் கதை கேட்கிற கேள்வி. பிறகு இடைவேளைக்கு முன் நடந்த ஒரே ஒரு காட்சி, அது ஏன் உங்களைப் பிடித்தது என்று. அப்புறம் துப்பு நியாயமாக வைக்கப்பட்டதா என்பதற்கு "ஆமாம்", "இல்லை", "பாதி" என்று ஒரு சொல். கடைசியாக, செத்தவரைக் கதை மதித்ததா என்பது. "ட்விஸ்ட் இருக்கு" என்றுகூடச் சொல்லாதீர்கள். இருக்கிறது என்று தெரிந்தாலே கேட்பவர் அதைத் தேட ஆரம்பித்துவிடுவார், மற்றதையெல்லாம் கோட்டை விட்டுவிடுவார்.

முடிவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால், எல்லோரும் பார்த்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஐந்தாறு பேர்தான். பார்க்காதவர் ஒருவர் இருந்தால் அவர் சாயா வாங்க எழுந்து போகும் வரை அந்தப் பேச்சு காத்திருக்கும்.

உங்கள் கருத்து மற்றவர்களோடு ஒத்துப்போகாவிட்டால் மாற்றிக்கொள்ள அவசரப்படாதீர்கள். இடைவேளையில் எழுதிய மூன்று வரி உங்களிடம் இருக்கிறது. அதைக் காட்டுங்கள். அவர்களும் அப்படி ஏதாவது எழுதியிருந்தால் பேச்சு சூடு பிடிக்கும்.

தொடங்குவதற்கு நான்கு சொல்கிறேன். முதல் வாரம் 'அந்த நாள்', துப்பை மட்டும் பார்க்க. அடுத்த வாரம் கணேஷ், வசந்த் வருகிற ஏதாவது ஒரு நாவல், பேச்சைக் கவனிக்க. மூன்றாவது 'யவனிகா', செத்தவர் யார் என்ற படிக்காக. நான்காவது 'மணிச்சித்ரதாழ்', வீட்டில் வயதான ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. அவர் எந்த இடத்தில் என்ன சொல்கிறார் என்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாமல்.

என் முதல் நோட்டின் முதல் பக்கத்தில் அந்தக் காலண்டர் தாளை இன்னும் ஒட்டி வைத்திருக்கிறேன். மூன்று பெயர், மூன்று காரணம். தோட்டக்காரருக்கு எதிரே "நனைந்த குடை, மழை இல்லை" என்று இருக்கிறது. பழைய புத்தகக் கடைகளில் பாக்கெட் நாவல் கட்டுகளைப் பார்த்தால் இப்போதும் நடுவில் புரட்டி அந்தக் குடையைத் தேடுகிறேன்.